மகிழ்ச்சிக்கு எத்தனை பெயர்!

துன்பம் வந்தவனுக்குச் சொற்பஞ்சம் ஏற்படுவதில்லை. பல்லிலே நோ என்றால், அது குத்துகிறதா, குடைகிறதா, விண்விண் என்று தெறிக்கிறதா என்று வைத்தியரிடம் விவரமாகச் சொல்லிவிடுகிறான். பெருமகிழ்ச்சி வந்தவனைப் பாருங்கள். "எப்படிச் சொல்வதென்றே தெரியவில்லை" என்று தொடங்கி, அங்கேயே நின்றுவிடுகிறான். தாய்மொழியிலேயே இந்தத் தடுமாற்றம் என்றால், முயன்று கற்றுக்கொண்ட வேற்று மொழியிலே எப்படி இருக்கும் என்று கேட்கவும் வேண்டுமோ?

நான் 32 ஆண்டுகள் ஆங்கிலம் கற்பித்து ஓய்வு பெற்றவன். அந்த 32 ஆண்டுகளிலும் நான் திருத்திய கட்டுரைகளிலே மகிழ்ச்சிக்கு ஒரேயொரு சொல்தான் ஆட்சி செலுத்தியது. அதுதான் 'ஹப்பி'. பரிசு பெற்றவனும் ஹப்பி. பாட்டியைக் கண்டவனும் ஹப்பி. பரீட்சை பிற்போடப்பட்டதைக் கேட்டவனும் ஹப்பி. சற்றுக் கெட்டிக்கார மாணவன் அகராதியைப் புரட்டி, ஜோய், டிலைற், பிளிஸ், றப்சர், எக்ஸ்ரஸி, இலேஷன் என்று ஒரு கோவை எழுதி வைத்துக்கொள்வான். பிறகு சீட்டுக் குலுக்குவதுபோல ஒன்றை எடுத்துக் கட்டுரையிலே போடுவான். அண்ணனுக்குப் புதுச் சைக்கிள் வாங்கிய செய்தியிலே எக்ஸ்ரஸி வந்து நிற்கும்! பட்டு வேட்டி உடுத்து வயலுக்குப் போனதைப் போல அந்தச் சொல் அங்கே திகைத்து நிற்பதைக் காணலாம்.

ஒரு பொருள் குறித்த பல சொல் எல்லா மொழிக்கும் உண்டு. ஆனால் அச்சொற்கள் யாவும் ஒரே எடை உள்ளவை அல்ல. ஒவ்வொன்றும் எங்கிருந்து வந்தது, எந்த வேலைக்காகப் பிறந்தது என்று விசாரித்தால் அதன் குணம் விளங்கிவிடும்.

எல்லோருக்கும் பழக்கமான ஹப்பியையே முதலில் எடுப்போம். இதன் வேர் பழைய நோர்வே நாட்டவரின் மொழியைச் சேர்ந்தது. 'தற்செயலாக வாய்த்தது', 'அதிர்ஷ்டம்' என்பது அதன் பொருள். 'ஒருவேளை' என்று பொருள்படும் பெர்ஹப்ஸ், 'நிகழ்தல்' என்று பொருள்படும் ஹப்பின் ஆகிய சொற்கள் இதற்கு உடன்பிறந்தவை. ஆகவே ஆங்கிலேயன் முதன்முதல் ஹப்பி என்று சொன்னபோது, 'நான் நற்பேறு உடையவன்' என்றே சொன்னான். இன்று அது நீண்டு நிற்கும் மனநிறைவைக் குறிக்கின்றது. ஹப்பியான குடும்பம், ஹப்பியான குழந்தைப் பருவம் என்று சொல்லலாம். அந்த இடத்தில் எக்ஸ்ரஸியை வைக்க முடியாது. எந்தக் குடும்பமும் இருபது ஆண்டுகள் அந்த நிலையில் நின்று உலை வைத்துச் சோறு ஆக்க இயலாது அல்லவா?

ஹப்பி வருவதற்கு முன் பழைய ஆங்கிலத்திலே இன்பமும் நற்பேறும் உடையவனைக் குறிக்க வேறொரு சொல் இருந்தது. அதன் கதி மிகவும் பரிதாபமானது. பேறு பெற்றவன் என்ற பொருளிலிருந்து கள்ளமற்றவன் ஆகி, கள்ளமற்றவன் இரங்கத்தக்கவன் ஆகி, இரங்கத்தக்கவன் ஈற்றில் அறிவற்றவன் ஆனான். அச்சொல்லே இன்றைய 'சில்லி'. எப்போதும் மகிழ்ந்திருப்பவனை உலகம் எப்படிப் பார்க்கிறது என்பதற்கு இந்தச் சொல் ஒன்றே போதிய சாட்சி.

'கிளாட்' என்பது பழைய ஆங்கிலத்தில் 'ஒளி வீசுவது', 'பளபளப்பது' என்ற பொருளுடையது. நல்ல செய்தி கேட்டவனின் முகம் ஒளிர்வதை நாமும் கண்டிருக்கிறோம். இன்று அது சிறியதொரு மகிழ்ச்சி. ஒரு செய்தியினாலே உண்டாவது. சில வேளைகளில் ஓர் ஆறுதலும் அதனோடு கலந்திருக்கும். "நீங்கள் பத்திரமாக வந்து சேர்ந்ததில் மகிழ்ச்சி" என்று சொல்லுமிடத்தில் கிளாட் பொருந்துவது போல வேறொன்றும் பொருந்தாது.

'டிலைற்' இலத்தீன் மொழியிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. சுவைத்து இன்புறச் செய்தல் என்பது அதன் உட்கருத்து. ஒளியைக் குறிக்கும் 'லைற்' என்னும் சொல்லைப் போல இதை எழுதுவது 16ஆம் நூற்றாண்டிலே புகுந்த பழக்கம். உண்மையில் இரண்டுக்கும் உறவு இல்லை. ஓசை ஒத்ததால் எழுத்தும் ஒத்துவிட்டது. நல்ல கதை, இனிய பாட்டு, குழந்தையின் மழலை ஆகியவை தருவது டிலைற். அதற்கு வெளியே ஒரு பொருள் வேண்டும். பிளிஸ் என்பதோ அப்படியன்று. அது ஆரவாரமற்ற, குறைவற்ற இன்பம். ஆதியிலே வெறும் களிப்பைக் குறித்த அச்சொல், ஆசீர்வாதத்தைக் குறிக்கும் மற்றொரு சொல்லின் சாயல் படிந்து, நாளடைவில் மேலுலக இன்பத்தைச் சுட்டலாயிற்று. நாம் பேரின்பம் என்று சொல்லுமிடத்தின் அண்டை வீட்டில் அது குடியிருக்கிறது.

இனி உயர்ந்த படிகளுக்கு ஏறுவோம். இங்கே ஒரு வியப்பைக் காணலாம். பெருமகிழ்ச்சியைக் குறிக்கும் சொற்கள் பெரும்பாலும் உடம்பின் செயல்களிலிருந்தே பிறந்திருக்கின்றன. 'எக்ஸல்ற்' என்பதன் இலத்தீன் மூலம் 'துள்ளிக் குதி' என்பதாகும். 'இலேஷன்' என்பது 'மேலே தூக்கப்பட்ட நிலை'. முற்காலத்தில் அதற்குச் செருக்கு என்ற பொருளும் இருந்தது. வெற்றி பெற்றவனின் மகிழ்ச்சியிலே செருக்கும் சிறிது கலந்திருப்பதை அந்நாளிலேயே கண்டிருக்கிறார்கள். 'ஜூபிலேஷன்' என்பது 'ஆர்ப்பரித்தல்'. பொன்விழாவைக் குறிக்கும் ஜூபிலி என்னும் சொல்லோ எபிரேய மொழியிலே ஆட்டுக்கடாவின் கொம்பைக் குறித்தது. 50ஆவது ஆண்டு பிறந்ததை அக்கொம்பை ஊதி அறிவித்தார்கள். ஆர்ப்பும் கொம்பொலியும் பின்னாளில் ஒன்றோடொன்று கலந்துவிட்டன. ஆகவே ஜூபிலேஷன் கூட்டத்துக்குரிய சொல். பந்தயத்தில் வென்ற கிராமம் முழுவதும் தெருவில் இறங்கினால் அது ஜூபிலேஷன். தனி அறையிலே தனியாக இருந்து ஒருவன் ஜூபிலேஷன் கொண்டாட முடியாது.

'திறில்' என்ற சொல்லின் கதை இன்னும் சுவையானது. அதன் பழம்பொருள் 'துளைத்தல்'. மூக்குத் துவாரத்தைக் குறிக்கும் 'நொஸ்ரில்' என்ற சொல்லின் பின்பாதியும் இந்தத் துளையே! உடம்பைத் துளைத்துக்கொண்டு ஓடும் சிலிர்ப்புத்தான் திறில். 'றப்சர்' என்பது 'பறித்துச் செல்லப்பட்ட நிலை'. இரையைக் கவ்விச் செல்லும் பருந்தினத்துக்கு ஆங்கிலத்தில் வழங்கும் 'றப்ரர்' என்ற பெயரும் அதே வேரிலிருந்து கிளைத்தது. 'எக்ஸ்ரஸி' கிரேக்கச் சொல். 'தனக்கு வெளியே நிற்றல்' என்று பொருள்படும். தான் என்ற நினைவு அற்றுப்போன நிலைக்கே அது உரியது. 'யூபோரியா'வும் கிரேக்கமே. 'நன்றாகத் தாங்குதல்' என்ற பொருளுடைய அதை 17ஆம் நூற்றாண்டில் வைத்தியர்கள் ஆங்கிலத்திலே கொணர்ந்தார்கள். சிகிச்சைக்குப் பின் நோயாளிக்கு ஏற்படும் சுகத்தை அது குறித்தது. பிற்காலத்தில் போதிய காரணமின்றிப் பொங்கும் மகிழ்ச்சிக்கு அது பெயராயிற்று. அதனாலேதான் யூபோரியா என்று கேட்டவுடன், 'இது எத்தனை நாளைக்கு?' என்ற ஐயமும் உடன் எழுகிறது.

இவற்றைக் கேட்ட தமிழ் மாணவன் மலைக்க வேண்டியதில்லை. இவற்றின் உறவினர் நம் வீட்டிலும் இருக்கிறார்கள். பரவசம் என்கிறோம், பிறிதொன்றின் வசமாகிவிடுதல் என்பதுதானே அதன் பொருள்? றப்சரும் எக்ஸ்ரஸியும் அதையன்றி வேறென்ன சொல்கின்றன? புளகாங்கிதம் என்பது மயிர்க்கூச்செறிதல். அது திறிலுக்குத் தோழன். ஆர்ப்பரிப்பு ஜூபிலேஷனுக்குத் தோழன். பூரிப்பு என்றால் நிறைந்து பொங்குதல். களிப்பு என்ற சொல் கள்ளின் மயக்கத்தையும் குறிப்பது. திருக்குறளிலே கள்ளுண்ணாமையைப் பேசுமிடத்தில் அந்தப் பொருளிலேயே அது வருகின்றது. குதூகலம் என்ற வடசொல்லோ முதலில் அறியும் ஆவலைக் குறித்தது. தொல்காப்பியர் மெய்ப்பாடுகள் எட்டு என வகுத்து, அவற்றுள் உவகையையும் ஒன்றாக வைத்தார். அதோடு நில்லாமல் அந்த உவகை பிறக்கும் இடங்கள் செல்வம், புலன், புணர்வு, விளையாட்டு என நான்காம் என்றும் கூறினார். எந்த மகிழ்ச்சி எங்கிருந்து வருகின்றது என்று பிரித்தறியும் பழக்கம் நமக்குப் புதிதன்று.

ஆனால் ஓரிடத்தில் இரு மொழிகளும் எதிரெதிர்த் திசையில் நடக்கின்றன. பனி பெய்யும் நாட்டிலே பிறந்த ஆங்கிலத்துக்கு அடுப்பங்கரையின் சூடுதான் சுகம். அன்பான வரவேற்பு அவர்களுக்கு வெப்பமான வரவேற்பு. நெகிழ்விக்கும் செய்தி நெஞ்சைச் சூடாக்கும் செய்தி. முகங்கொடாத வரவேற்பே குளிர்ந்த வரவேற்பு. வெயிலிலே வெந்து கிடக்கும் நமக்கோ குளிர்ச்சியே இன்பம். கண் குளிரக் காண்கிறோம். மனம் குளிர வாழ்த்துகிறோம். இதைச் சொல்லுக்குச் சொல் ஆங்கிலத்திலே பெயர்த்தால், கேட்பவன் மருந்துப் போத்தலைத் தேடுவான்.

மாணவர்களுக்குப் பயன்படக்கூடிய இரண்டொரு நுட்பங்களையும் இங்கே சொல்லிவைக்கிறேன். ஹப்பி, கிளாட் ஆகியவற்றின் முன் 'மிக' என்று பொருள்படும் 'வெறி'யைச் சேர்க்கலாம். எக்ஸ்ரற்றிக் என்பதன் முன் அதைச் சேர்ப்பதில்லை. உச்சியில் நிற்பவனை மேலும் ஒரு படி ஏறச் சொல்வதுபோல் அது ஆகிவிடும். அங்கே 'முற்றிலும்' என்று பொருள்படும் 'அப்சொலூற்லி' வரலாம். கிளாட் என்பதைப் பெயருக்கு முன் அடையாக வைப்பது அருமை. கிளாட் மனிதன் என்று இன்று பெரும்பாலும் எழுதுவதில்லை. ஹப்பி மனிதன் என்று தாராளமாக எழுதலாம். பிறருடைய நன்மையைக் கண்டு மகிழும்போது 'ஹப்பி போர் யூ' என்பார்கள். "உன் பொருட்டு நான் மகிழ்கிறேன்" என்பது கருத்து. எனக்கு ஒன்றும் கிடைக்காதபோதும் உனக்குக் கிடைத்ததற்காக மகிழ்கிறேன் என்னும் பெரிய பண்பை இந்தச் சிறிய தொடர் சுமக்கிறது.

இன்னொன்று: பெரிய சொற்களை இக்காலத்தில் உலகம் மிக மலிவாகச் செலவழிக்கிறது. புதிய பற்பசையை விற்பவனும் திறில் அடைகிறான். அலுவலகச் சுற்றறிக்கை எழுதுபவனும் டிலைற் அடைகிறான். சந்திரனையும் தாண்டிவிட்டேன் என்ற பொருளில் 'ஓவர் த மூன்' என்பவர்கள் நாளொன்றுக்கு நாலு தடவை தாண்டுகிறார்கள். ஆனால் பழைய ஆங்கிலேயர் வழக்கம் வேறு. பெருவெற்றி பெற்ற ஒருவர் "சற்று மகிழ்ச்சியாகத்தான் இருக்கிறது" என்று சொல்லி நிறுத்திக்கொள்வார். அந்தச் 'சற்று' என்பதற்குள் எவ்வளவு இருக்கிறதென்று கேட்பவருக்கு விளங்கும். நாமும் வீட்டிலே அப்படித்தானே? மகன் முதலாம் பிரிவிலே சித்தியடைந்தான் என்று கேட்ட தகப்பன், "ம்... பரவாயில்லை" என்று சொல்லிவிட்டுக் கிணற்றடிக்குப் போய்க் கண்ணைத் துடைத்துக்கொள்வதில்லையா?

இந்தச் சொல் ஆராய்ச்சியெல்லாம் ஏட்டுப் பொழுதுபோக்கு என்று எண்ணுவோரும் இருக்கக்கூடும். அவ்வாறன்று என்பதை எங்கள் அயலிலே வாழும் ஓர் ஆச்சியின் காரியத்திலே நான் கண்டேன்.

ஆச்சிக்கு எண்பத்தெட்டு வயது. 1995ஆம் ஆண்டு இடப்பெயர்வின்போது குடும்பத்தோடு வன்னிக்குப் போனவர். அங்கே காய்ச்சலிலே தம் இளைய மகனைப் பறிகொடுத்துவிட்டுத் திரும்பியவர். மூத்த மகள் கனடாவிலே இருக்கிறார். அங்கேயே பிறந்து வளர்ந்த பேரனுக்கு அண்மையில் ஆண் குழந்தை பிறந்தது. இறந்துபோன மாமனின் பெயரையே அவன் தன் பிள்ளைக்கு இட்டுவிட்டான். தொலைபேசியிலே அந்தச் செய்தி வந்த அன்று மாலை ஆச்சி பொல்லை ஊன்றிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"தம்பி, பேரனுக்கு ஒரு காயிதம் எழுத வேணும். இங்கிலீசிலை எழுது."

"ஏன் ஆச்சி, போனிலே கதைக்கலாமே?"

"போனிலை சொன்னது காத்தோடை போயிடும். எழுதி வைச்சால் பூட்டப்பிள்ளை வளந்து வாசிக்கும். ஆச்சியின்ரை வயிறு குளிர்ந்து போச்சுதெண்டு எழுது."

பேனையை எடுத்தேன். ஆனால் எழுத இயலவில்லை.

வயிறு குளிர்ந்தது என்பதை அப்படியே எழுதினால் ஆச்சிக்கு வயிற்று நோய் என்று பேரன் அஞ்சுவான். கிளாட் என்று எழுதலாமா? புகைவண்டி நேரத்துக்கு வந்தது என்பதற்குப் போதுமான சொல் அது. டிலைற் அடைந்தேன் என்றால் வங்கி அதிகாரியின் கடிதமாகிவிடும். எக்ஸ்ரஸி என்றால், ஆச்சி தம்மை மறக்கவில்லையே! தாம் யார், யாரை இழந்தவர் என்பதை முழுவதும் நினைவில் வைத்துக்கொண்டல்லவா அவர் என் முன்னே உட்கார்ந்திருந்தார்! பிளிஸ் என்பது குறையொன்றும் இல்லாத இன்பம். ஆச்சியின் குறை முப்பது ஆண்டுப் பழையது. ஹப்பியோ நல்லதொரு பிறந்தநாள் அட்டையோடு நின்றுவிடும்.

நம் நாட்டுத் தாய்மார் பிள்ளையை இழந்தால் "வயிறு எரிகிறது" என்பார்கள். பெற்ற வயிற்றிலே மூண்ட நெருப்பு அது. 'வயிறு குளிர்ந்தது' என்பது அந்த நெருப்பை அறிந்தவளின் சொல். எரிந்ததைத் தெரியாதவனுக்குக் குளிர்ந்தது விளங்காது. ஆகவே எனக்கு வேண்டியிருந்தது, துக்கத்தை வெளியே துரத்தாமல் அதனோடு ஒரே திண்ணையிலே உட்காரக்கூடிய மகிழ்ச்சிச் சொல்.

அப்போது வேர்ட்ஸ்வேர்த் என்னும் ஆங்கிலக் கவிஞர் நினைவுக்கு வந்தார். அவருடைய மகள் கதரின் நாலு வயது நிறையுமுன்னே 1812ஆம் ஆண்டில் இறந்துபோனாள். அவர் எழுதி 1815ஆம் ஆண்டில் வெளிவந்த பதினான்கடிப் பாட்டு ஒன்று உண்டு. எதிர்பாராமல் ஒரு மகிழ்ச்சி வந்து மேவ, அதைப் பகிர்ந்துகொள்ள அவர் சட்டென்று திரும்புகிறார். யாரிடம் சொல்லத் திரும்பினாரோ அந்தக் குழந்தை மண்ணுக்குள் இருப்பது அப்போதுதான் உறைக்கிறது. அந்தப் பாட்டின் தொடக்கத்திலே அவர் வைத்த சொல் 'ஜோய்'. ஹப்பி போல அதிர்ஷ்டத்திலே பிறந்ததன்று அது. எக்ஸ்ரஸி போலத் தன்னை மறக்கச் செய்வதும் அன்று. உள்ளத்தின் அடியிலிருந்து ஊறி, கண்ணீரோடும் சேர்ந்து வரவல்லது.

அந்தச் சொல்லையே எழுதினேன். அடுத்த வரியில், ஆச்சி சொன்ன இரண்டு தமிழ்ச் சொற்களையும் ஆங்கில எழுத்திலே அப்படியே எழுதி, எங்கள் ஊரிலே ஒரு தாய் எப்போது அவ்வாறு சொல்லுவாள் என்பதை நாலு வரியில் விளக்கினேன். வாசித்துத் தமிழிலே பொருள் சொன்னபோது ஆச்சி தலையசைத்தார். "அவன்ரை பேரையும் எழுதினியோ?" என்று மட்டும் கேட்டார். எழுதியிருந்தேன். காட்டினேன். வாசிக்கத் தெரியாத அந்த ஆங்கில எழுத்துகளின்மேல் விரலை வைத்துச் சிறிது நேரம் பேசாதிருந்தார்.

மூன்று வாரம் கழித்துப் பேரன் தொலைபேசியிலே அழைத்தான். அந்த இரண்டு சொற்களையும் ஆச்சியின் வாயாலே கேட்க வேண்டும் என்றானாம். ஆச்சி சொன்னார். கனடாத் தமிழிலே தடுக்கித் தடுக்கி அவனும் திருப்பிச் சொன்னானாம். இதை என்னிடம் சொல்லிச் சிரித்தார் ஆச்சி.

மாணவச் செல்வங்களே! ஆங்கிலத்தைக் கற்கும்போது சொற்களை மூட்டையாகக் கட்டித் தூக்காதீர்கள். ஒவ்வொன்றையும் கையில் எடுத்து எடை பார்த்துப் பழகுங்கள். 1862ஆம் ஆண்டில் வின்சுலோ பாதிரியாரின் தமிழ் ஆங்கில அகராதி வெளிவருவதற்கு முன், அதற்கான சொற்களைத் திரட்டும் வேலை இந்த யாழ்ப்பாண மண்ணிலேதான் ஆண்டாண்டாக நடந்தது. இரு மொழிச் சொற்களையும் அருகருகே வைத்து நிறுத்துப் பார்ப்பது நம் மூதாதையர் செய்த தொழில். அதற்கு இப்போது புதியதோர் அவசியமும் வந்திருக்கிறது. கடல் கடந்த ஊர்களிலே நம் பேரப்பிள்ளைகள் ஆங்கிலத்திலே வாசிக்கிறார்கள். இங்கே நம் முதியோர் தமிழிலே மகிழ்கிறார்கள். இடையிலே நின்று கடிதம் எழுத வேண்டியவர்கள் நீங்கள்.

அப்படி எழுத உட்காரும்போது, பொருத்தமான ஆங்கிலச் சொல் அகப்பட்டால் அதைப் பயன்படுத்துங்கள். அகப்படாவிட்டால் வெட்கப்படாமல் நம் சொல்லையே எழுதி, பக்கத்திலே அதன் கதையையும் சொல்லுங்கள். வாசிப்பவன் நம் பிள்ளைதானே, பொறுமையாகக் கேட்பான்.